அவுட்போர்டு கையேடு: ‘பிட்ச்’, ‘ஸ்லிப்’ இரண்டுக்கும் தமிழ் வேண்டும்

கயல் (செவ்வாய், காலை)

அனைவருக்கும் வணக்கம். மீனவ இளைஞர்களுக்கு நடக்கும் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) பராமரிப்பு வகுப்புக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புரொப்பெல்லர், அதாவது நீரில் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறி, பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

புரொப்பெல்லரில் ‘10¼ × 12’ என்பதுபோல் இரண்டு எண் பொறித்திருக்கும், இரண்டும் அங்குலக் கணக்கு. முதலாவது விட்டம், அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் நீர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேறும் என்ற அளவு. நீர் விட்டுக்கொடுக்கும், அதனால் உண்மையில் படகு அவ்வளவு போகாது. அந்தக் குறைவு ஸ்லிப். இரண்டுக்கும் சொல் தாருங்கள். படிக்கப் போகிறவர்கள் எட்டாவது, பத்தாவது வரை படித்தவர்கள். ஆனால் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்கள்.

புலவர் (செவ்வாய், மதியம்)

அம்மா, பிட்ச்சுக்குப் புதுச்சொல் எதற்கு? பள்ளிக்கூடத்துத் திருகு அளவிப் பாடத்தில் ‘புரியிடைத் தூரம்’ என்று எல்லோரும் படித்ததுதானே. ‘புரியிடை’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். புரி என்றால் முறுக்கு. முப்புரிநூல், வைக்கோற்புரி, வலம்புரி எல்லாம் அந்த வேர்தான். செய்தல், விரும்புதல் என்னும் பொருள்களில் வரும் ‘புரிதல்’கூட மனம் ஒன்றைச் சுற்றி முறுக்கிக்கொள்வதிலிருந்து வந்தது என்பது என் துணிபு. அது தனி மடலுக்கு உரியது.

இன்னொன்று. பின்னாலிருந்து பார்க்கும்போது வலமாகச் சுற்றிப் படகை முன்னே தள்ளுவதை வலம்புரி என்றும், மற்றதை இடம்புரி என்றும் சொல்லலாம். ‘ஆழிமழைக் கண்ணா’ பாட்டில் ஆண்டாள் வைத்த சொல், நம் பையன்களுக்கும் தெரிந்த சொல்.

பட்டறை (செவ்வாய், இரவு)

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கடைக்கு வந்து ‘புரியிடை’ என்று கேட்டால் பையன் புரியாமல் நிற்பான். இங்கே பிட்ச் என்றே கேட்கிறார்கள். பாதிப் பேர் அதுவும் சொல்வதில்லை, ‘பன்னிரண்டாம் நம்பர் காத்தாடி’ என்பார்கள்.

பெயரை விடுங்கள், விஷயம் போய்ச் சேருகிறதா பாருங்கள். முழுத் திராட்டிலில் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை வர வேண்டும் என்று எஞ்சின் கையேட்டில் போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஐஸ், வலை, ஆள் எல்லாம் ஏற்றியபின் 4700தான் வருகிறது என்றால் எஞ்சின் திணறுகிறது என்று அர்த்தம். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். இரண்டு அங்குலம் குறைத்தால் சரியான இடத்துக்கு வந்துவிடும். எங்கள் ஆட்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். பெரிய நம்பர் போட்டால் படகு பறக்கும் என்று நினைத்து 14 கேட்கிறார்கள். எஞ்சின் சூடேறி, எண்ணெயும் தின்று, கடைசியில் பிஸ்டனோடு வருகிறார்கள்.

யாழ்க்கரை (புதன், காலை)

எங்கள் பக்கம் செய்தித்தாளில்கூட ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்றுதான் வரும். தமிழ்நாட்டு நண்பர்கள் அவுட்போர்டு என்று எழுதுவதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. அது கிடக்கட்டும். தங்கச்சி, பிட்ச்சுக்குப் ‘பாய்ச்சல்’ என்று வைத்தால் என்ன? ஒரு சுற்றில் ஒரு பாய்ச்சல். சொன்ன உடனே விளங்கும்.

புரொப்பெல்லரை மட்டும் ‘உந்தி’ என்று எழுதிவிடாதீர்கள். அகராதியில் அதற்குத் தொப்புள் என்றும் பொருள் கிடக்கிறது, வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள். விசிறி போதும்.

பட்டறை (புதன், காலை)

பாய்ச்சல் என்று போட்டீர்களோ, கெட்டது கதை. ‘பாய்ச்சல் 14’ என்றால் அதுதான் நன்றாகப் பாயும் என்றே எவனும் எடுத்துக்கொள்வான். நிஜத்தில் சட்டென்று கிளம்புவது சிறிய பிட்ச்தான். பெரியது சுமை இல்லாத லேசான படகில் உச்ச வேகத்துக்குத்தான் உதவும். இந்தச் சொல்லால் என் கடைக்கு வியாபாரம் கூடும், ஆனாலும் வேண்டாம்.

கணக்கு வாத்தியார் (புதன், மாலை)

புலவர் ஐயாவின் ‘புரியிடை’யில் ஒரு பிசகு. அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடைப்பட்ட தூரமே புரியிடை. ஒற்றைப் புரித் திருகில் அதுவும் ஒரு சுற்றுக்கு நகரும் தொலைவும் ஒன்றே. மூன்று இதழ் விசிறியோ மூன்று புரி சேர்ந்தோடும் திருகு. 12 அங்குலப் பிட்ச் என்றால், அடுத்தடுத்த இதழ்களின் சுவடுகளுக்கு இடையே 4 அங்குலம்தான் இருக்கும். சொல்லை அப்படியே பொருள்கொண்டால் விடை மூன்றில் ஒன்றாகிவிடும்.

வலம்புரியும் வேண்டாம். நாம் வலம்புரி என்று பூசிக்கும் சங்கு விலங்கியலார் கணக்கில் இடப்பக்கச் சுருள். வலச்சுற்று, இடச்சுற்று போதும்.

என் முன்மொழிவு: சுற்றுநகர்வு.

புலவர் (புதன், இரவு)

மூன்று புரி வாதத்தை ஏற்கிறேன், மனமில்லாமல். விசிறி பிறந்ததே திருகாகத்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பெட்டிட் ஸ்மித் 1837இல் லண்டன் கால்வாயில் ஓட்டிய படகில் இருந்தது மரத்தாலான நீண்ட திருகு. அதில் பாதி உடைந்து போனதும் படகு இன்னும் வேகமாக ஓடியது. உடைந்ததால் கிடைத்த அறிவுதான் இன்றைய குட்டை இதழ்.

ஆனால் ‘நகர்வு’ என்பது நடந்த செயல். பிட்ச் நடக்காத ஒன்று, அதன் ஒரு பங்கை நீர் தின்றுவிடுகிறது. நடக்காததற்கு நகர்வு என்று பெயர் வைப்பது எந்த வழக்கு?

கயல் (வியாழன், காலை)

ஐயா, நாளை அச்சு. ஸ்லிப்புக்கு இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. நானே ‘நழுவல்’ என்று போட்டிருக்கிறேன். ‘சக்தி இழப்பு’ என்று எழுதலாமா என்றும் ஒரு யோசனை.

கணக்கு வாத்தியார் (வியாழன், காலை)

இழப்பு கூடவே கூடாது. 5500 சுற்று, கியர் விகிதம் 2:1 என்றால் விசிறி நிமிடத்துக்கு 2750 சுற்றும். 12 அங்குலப் பிட்ச்சுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர் வர வேண்டும். படகு 42 ஓடினால் ஸ்லிப் 16 விழுக்காடு. இது குறையே இல்லை. இதழ் நீரைக் கொஞ்சம் பின்னே தள்ளினால்தான் படகு முன்னே போகும். ஸ்லிப் முற்றிலும் இல்லையென்றால் உந்துவிசையும் இல்லை.

புலவர் (வியாழன், மதியம்)

அப்படியானால் இது வழு அன்று, வழுவமைதி! ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளும் வழு. திணை, பால் மயக்கத்துக்கு இலக்கணம் எப்படி இடம் தருகிறதோ, கடல் இதற்கு இடம் தருகிறது. ‘வழுவல்’ என்று வையுங்கள்.

பட்டறை (வியாழன், மதியம்)

வழுவமைதி பாஸ் பண்ணினவர்கள் யாரும் என் பட்டறைப் பக்கம் வருவதில்லை ஐயா. நழுவல் சரி, ஆனால் ஒரு குழப்பம் இருக்கிறது. விசிறியைத் தண்டோடு பிணைக்க அதற்குள் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் தண்டு சுற்றும், விசிறி சுற்றாது. அதையும் ஸ்லிப் என்றே சொல்கிறோம். முதலாவது சாதாரணம், இரண்டாவது ரிப்பேர். ‘நீர்நழுவல்’, ‘புஷ்நழுவல்’ என்று பிரித்துப் போடுங்கள். இல்லையென்றால் புஷ் போனவன் பிட்ச்சை மாற்றிக்கொண்டிருப்பான்.

அதோடு, விசிறிக்கு மேலே இருக்கும் தட்டைக் ‘காவிடேஷன் பிளேட்’ என்று எழுதாதீர்கள், நாங்கள் சொன்னாலும். அது மேற்பரப்புக் காற்று விசிறிக்குள் இறங்காமல் தடுக்கும் தட்டு. காவிடேஷன் வேறு: இதழ்மேல் அழுத்தம் குறைந்து நீரே ஆவிக்குமிழாகி, அது சட்டென்று உள்நோக்கி நொறுங்கி உலோகத்தைக் குழி பறிப்பது.

யாழ்க்கரை (வியாழன், மாலை)

‘காற்றுத்தடுப்புத் தட்டு’ நல்லது. காவிடேஷனுக்குக் ‘குமிழரிப்பு’ என்றால், அரிப்பு அதன் விளைவு மட்டும்தானே என்று வாத்தியார் சண்டைக்கு வருவார். அந்த ஆங்கிலச் சொல்லே 1890களில் ஃப்ரூட் என்ற கப்பல் பொறியாளர் சொல்லிக்கொடுத்து வந்ததுதான். அதே காலத்தில் பார்சன்ஸ் நீராவி டர்பைன் வைத்துக் கட்டிய டர்பினியா கப்பல் இதே குமிழ்த் தொல்லையால் வேகம் வராமல், கடைசியில் மூன்று தண்டுக்கு ஒன்பது விசிறி மாட்டியது. அவர்களும் தேவை வந்தபோதுதான் சொல் தேடினார்கள்.

நழுவலைவிடக் கயல் முதல் மடலில் தானாக எழுதிய ‘விட்டுக்கொடுப்பு’ எனக்குப் பிடிக்கிறது. நீர் விட்டுக்கொடுப்பு.

கயல் (வியாழன், இரவு)

எல்லோருக்கும் நன்றி. சுற்றுநகர்வு, நீர்நழுவல், புஷ்நழுவல், காற்றுத்தடுப்புத் தட்டு என்று முடித்துவிட்டேன். காவிடேஷனை அப்படியே விட்டேன். முதல் இடத்தில் ‘சுற்றுநகர்வு அதாவது பிட்ச்’ என்று வரும். ஐஸ், வலை ஏற்றி ஓட்டிப் பார்த்தே எண்ணை முடிவு செய்ய வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

புலவர் (வெள்ளி, காலை)

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘நகர்வு’ மீதான என் மறுப்பு நிற்கிறது. இதழின் பின்விளிம்பில் சிறிதாக உட்பக்கம் வளைத்துவிடுவார்களாமே, கப்பிங் என்று, அதற்கு ‘விளிம்புக் குழைவு’ என்று நேற்றிரவு தோன்றியது.

பட்டறை (வெள்ளி, காலை)

அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது ஐயா, ‘உதடு’. உதடு வைத்தால் 200 சுற்று குறையும். கயல் அம்மா, அச்சானதும் எனக்கு ஒரு கட்டு அனுப்புங்கள். சுற்றுநகர்வு வரும் இடத்திலெல்லாம் பேனாவால் பிட்ச் என்று எழுதித்தான் கொடுப்பேன், முதல் இடத்தில் மட்டும் எழுத மாட்டேன்.