வீடு தேடி வரும் பங்குப் பெண்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், இயங்கும் பெண்கள் குழுக்கள் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் வெளியே தெரிவதே இல்லை. உதவி பெற்றவர்கள் சொல்வதில்லை, செய்தவர்களும் சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோது மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க அமைப்பிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் எதுவும் கொண்டு வரவில்லை. வழக்கமாகப் பார்க்க வருகிறவர்கள் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு "டாக்டர் என்ன சொல்கிறார்" என்று என்னிடம் கேட்பார்கள், பேச்செல்லாம் அம்மாவின் தலைக்கு மேலேயே நடக்கும். இவர்கள் நாற்காலியை இழுத்து அம்மாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து அம்மாவிடமே பேசினார்கள். அம்மாவுக்கு நாக்கு குழறும், ஒரு வாக்கியம் முடிய வெகு நேரம் ஆகும். மீதியை நான் சொல்ல வாயெடுத்தபோது அந்த இருவரில் மூத்தவர், பார்வையை அம்மாவிடமிருந்து எடுக்காமலே, என் பக்கம் மெதுவாகக் கையை மட்டும் காட்டினார். காத்திருந்தோம். அம்மா முழுசாகச் சொல்லி முடித்தார். அப்புறம் இன்னொருவர் நகம் வெட்டிவிட்டார், கொஞ்ச நேரம் செபமாலை சொன்னார்கள், கிளம்பினார்கள். அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி வந்தார்கள். அம்மா போகும்வரை அந்தக் கிழமை தவறவில்லை. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்: ஒரு தடவை வருவதற்கு எல்லாருக்கும் மனசு உண்டு, வந்துகொண்டே இருப்பதற்குத்தான் ஆளில்லை.

*

அக்கா, நான் அதே சேனையில் இருக்கிறேன். வேறு ஊர், வேறு பங்கு, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஆட்களே கண்முன் வந்தார்கள். இருவராகப் போவது, கையில் ஒன்றும் கொண்டு போகாமல் இருப்பது, இரண்டும் தற்செயல் இல்லை. பொருள் உதவி செய்யக் கூடாது என்பது சேனையின் விதி. கேட்பவர்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். ஆனால் பையோடு போனால் வீட்டிலிருப்பவர்களின் கண் பையில்தான் இருக்கும், அதோடு "அவர்கள் வருகிற வீடு இல்லாதப்பட்ட வீடு" என்று தெருவில் பெயராகிவிடும். வெறுங்கையோடு போனால் எந்த வீட்டுக்கும் போகலாம், வசதியான வீட்டில் தனியாகக் கிடக்கும் முதியவரையும் பார்க்கலாம். சாப்பாட்டுக்கே கஷ்டம் என்று தெரிந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஏழைகளுக்குப் பொருளுதவி செய்யும் வின்சென்ட் தே பவுல் சபைக்குச் சொல்லிவிடுவோம், அதைக் கவனிப்பது அவர்கள் பொறுப்பு.

வாராவாரம் கூட்டம் உண்டு. போன வாரம் யாருக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டதோ அதைச் செய்தாரா என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். "நேரம் கிடைக்கவில்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்வது சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடம்தான் பல மழைநாட்களில் என்னை வாசல் தாண்ட வைத்திருக்கிறது. கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு சரி, வெளியே போகக் கூடாது.

இது ஆரம்பித்த கதையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். 1921 செப்டம்பர் 7ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளினில், மைரா ஹவுஸ் என்ற கட்டிடத்தில் முதல் கூட்டம் நடந்தது. பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர், ஒரு குருவானவர், மற்றபடி எல்லாரும் பெண்கள், பெரும்பாலும் இளம் வயதினர். முதல் வேலையே ஏழைகளுக்கான மருத்துவமனையில் நோயாளிகளை இருவர் இருவராகப் போய்ப் பார்ப்பதுதான். அடுத்த வருடமே பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். 1930இல் ரெஜினா சேலி என்ற விடுதி வந்தது. திருமணமாகாமல் தாயானவளிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது சாதாரணமாக நடந்த காலம் அது. அங்கே மட்டும் தாய் தன் குழந்தையைத் தன்னோடு வைத்து வளர்க்க முடிந்தது. அந்தக் காலத்தில் அப்படி நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

*

நான் கத்தோலிக்கன் இல்லை, எந்தக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போகிறவனும் இல்லை. இதை எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, மாதம் நிறையவில்லை. நர்ஸ் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு வெள்ளைக் கவுனும் ஒரு தொப்பியும் மெல்லிய போர்வையும் இருந்தன. பக்கத்துப் பங்கின் பெண்கள் தைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து வைப்பார்களாம், மற்றவர்கள் நன்கொடையாகக் கொடுத்த கல்யாண கவுன்களைப் பிரித்துத் தைப்பதாம். கடையில் அந்த அளவில் உடுப்பு எங்கே கிடைக்கும்? என் உள்ளங்கை நீளம்தான் இருந்தது. அதைவிட ஒன்று: கவுனின் முதுகுப் பக்கம் முழுவதும் திறந்து, மூன்று இடத்தில் நாடா வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் தோல் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவர்கள்தான் அப்படித் தைத்திருக்க முடியும். கையை மடக்கி நுழைக்க வேண்டியதில்லை, முன்னாலிருந்து வைத்துப் பின்னால் முடிந்தால் போதும். என் மனைவியே உடுத்திவிட்டாள். யார் தைத்தது என்று இன்றுவரை தெரியாது. பெட்டியில் பெயரோ, சபையின் முத்திரையோ, செபப் புத்தகமோ எதுவும் இல்லை. இதைப் படிக்கும் யாராவது அந்த மாதிரி தைக்கிறவராக இருந்தால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

*

எல்லாரும் நல்லதே எழுதுகிறீர்கள், எனக்கு வேறு மாதிரி. அப்பா இறந்தபின் எங்களுக்கு ஒரு பங்கிலிருந்து மளிகைப் பை வந்துகொண்டிருந்தது. உண்மையில் அது இல்லாவிட்டால் அந்த வருடம் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ தெரியாது. ஆனால் பெருவிழா சமயத்தில், உதவி பெறும் குடும்பங்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, முன்னால் வரவைத்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் அம்மா அந்தப் பையை வாங்கப் போகவே இல்லை. கேட்டால் "நமக்குப் போதும்" என்பார். போதவில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது சந்தோஷமான நிகழ்ச்சி. அம்மாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

*

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் வின்சென்ட் தே பவுல் வழியில் இயங்கும் ஒரு பெண்கள் சபையில் வெகுகாலமாக இருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது.

எங்கள் வழியின் ஆரம்பமே ஒரு குளறுபடிதான். 1617, பிரான்சில் ஷட்டியோன் என்ற சின்ன ஊர். ஒரு குடும்பமே நோயில் விழுந்துவிட்டது, பார்க்க ஆளில்லை. அங்கே பங்குத்தந்தையாக இருந்த வின்சென்ட் பூசையில் இதைச் சொன்னதும், அன்றே ஊர் திரண்டு சாப்பாட்டோடு அந்த வீட்டுக்குப் போய்விட்டது. அவருக்கு உறைத்தது வேறு: இன்றைக்கு வந்து குவிந்ததில் பாதி கெட்டுப்போகும், நாளை மறுநாள் அந்த வீடு மறுபடி பட்டினி கிடக்கும். உடனே ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு முறை வைத்தார், ஒரு நாளைக்கு ஒருவர் என்று. அந்த வருடம் டிசம்பரிலேயே அதற்கு எழுத்தில் விதிமுறை வந்துவிட்டது. நானூறு வருடம் தாண்டியும் பெண்கள் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த விதிமுறையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். நோயாளியை முகமலர்ச்சியோடு விசாரிக்க வேண்டும், கட்டிலில் தட்டை வைத்து, துணி விரித்து, குவளையும் கரண்டியும் எடுத்து வைக்க வேண்டும், இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. எனக்கு மனப்பாடமாகிப்போன இடம் ஒன்று உண்டு. துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போ, தனியாகக் கிடப்பவரிடம் கடைசியில் போ, அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்கலாம் என்று வருகிறது. எங்கள் சபையில் இன்றும் சுற்றுக்குக் கிளம்பும்போது வரிசையை அப்படித்தான் போடுகிறோம்.

போட்டோ விஷயத்தில் நான் சண்டையே போட்டிருக்கிறேன். நன்கொடை கொடுப்பவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள் என்பார்கள். ரசீதும் கணக்கும் காட்டுங்கள், ஆளைக் காட்டாதீர்கள் என்பேன். வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டங்களில் காணிக்கைப் பையைக்கூட யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடிதான் சுற்றுக்கு விடுவார்கள். கொடுப்பவருக்கு அந்த மறைவு உண்டென்றால் வாங்குபவருக்கு ஏன் இல்லை?

*

எல்லாவற்றையும் படித்தேன். என் பங்குக்கு ஒன்று, சின்னதுதான். எங்கள் பெண்கள் குழுவில் பெரும்பாலானவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பகல் கூட்டம் ஒத்துவராது, அதனாலேயே பலர் எட்டி நிற்கிறார்கள். கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றியபின் நானும் இன்னும் சிலரும் சேர்ந்தோம். எனக்குக் கிடைத்த வேலை டயாலிசிஸுக்குப் போகும் ஒருவரைக் காரில் கொண்டுவிட்டுக் கூட்டி வருவது. போகும்போது நன்றாகப் பேசுவார், திரும்பும்போது அசதியில் கண்ணை மூடிக்கொள்வார், ரேடியோவை அணைத்துவிடுவேன். மாற்றி மாற்றிப் போக இன்னும் ஆள் வேண்டும். எந்தப் பங்காக இருந்தாலும் சரி, கார் ஓட்டத் தெரிந்து வாரத்தில் அரைநாள் ஒதுக்க முடிகிறவர்கள் உங்கள் பங்கின் பெண்கள் குழுவிடம் போய்க் கேளுங்கள். செபம் சொல்லத் தெரியுமா என்று முதலில் கேட்க மாட்டார்கள், எந்தக் கிழமை முடியும் என்றுதான் கேட்பார்கள்.