சிம்சோன் – தெலீலாள் பாடம் எடுத்தவர்கள், வகுப்பில் சந்திப்பதைப் பகிருங்கள்

கரிசல்:
வாலிபர் கூட்டத்தில் பைபிளின் நியாயாதிபதிகள் 16 எடுத்தால் (பலசாலி சிம்சோனின் பலம் முடியில் என்ற ரகசியத்தைத் தெலீலாள் வாங்கி, எதிரிகளான பெலிஸ்தரிடம் அவனைக் காட்டிக்கொடுக்கும் அதிகாரம்), யாராவது ஒரு பையன் "பொம்பளையை நம்பினா இப்படித்தான்" என்பான். பெண்கள் பக்கம் அமைதியாகிவிடும். அதற்கப்புறம் என்ன சொன்னாலும் ஏறாது. மருந்து 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதாவின் ஆண்கள் 3000 பேர் ஏத்தாம் கன்மலைக்குப் போய், தங்கள் இனத்தானான சிம்சோனையே இரண்டு புதுக்கயிறுகளால் கட்டிப் பெலிஸ்தரிடம் கொடுத்தார்கள். 11 முதல் 13 வரையுள்ள வசனங்களை முதலில் வாசிக்க வையுங்கள்.

ஓய்வுநாள் வாத்தியார்:
சரிதான் பிரதர். அதோடு பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: திம்னாத் பெண் (14-ஆம் அதிகாரத்தில் சிம்சோன் கட்டியவள்), தெலீலாள். "நீ என்னை நேசிக்கவில்லை" என்பதே இருவரும் எடுக்கும் ஆயுதம் (14:16, 16:15). நச்சரித்தே வாங்குவதிலும் வித்தியாசமில்லை. பின்னணிதான் வேறு. சிம்சோன் போட்ட விடுகதையின் விடையை அவனிடம் கேட்டுச் சொல்லாவிட்டால் உன்னையும் உன் தகப்பன் வீட்டையும் எரிப்போம் என்று முதலாமவளை மிரட்டினார்கள். தெலீலாளை யாரும் மிரட்டியதாக வசனம் இல்லை, பெலிஸ்த அதிபதிகள் காசுதான் பேசினார்கள். ஆளுக்கு 1100 வெள்ளிக்காசு. அதிபதிகள் ஐவர் (3:3) என்று கொண்டால் 5500. அடுத்த அதிகாரத்தில் மீகா என்பவன் தன் வீட்டு ஆசாரியனாக அமர்த்தும் ஒரு லேவியனுக்குப் பேசும் ஆண்டுக்கூலி 10 வெள்ளிக்காசு, ஒரு மாற்று வஸ்திரம், சாப்பாடு. அந்த வெள்ளிக்கணக்கில் 550 வருஷக் கூலி! இதைப் போட்டுக் காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

16:4-ஐயும் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். சிநேகித்தது அவன். அவள் சிநேகித்தாள் என்று எங்குமே இல்லை.

மலைச்சாரல்:
"அவ்வளவு முட்டாளா அவன்?" என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். உடனே பதில் சொல்லிவிடாமல் பலம் எதில் என்று தெலீலாள் கேட்கக் கேட்க அவன் சொன்ன நான்கு பதில்களையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பச்சை அகணிநார்க் கயிறு ஏழு, புதுக்கயிறு, ஏழு ஜடைகளைத் தறியின் பாவு நூலோடே பின்னுவது, சவரகன் கத்தி. மூன்றாவதிலேயே பேச்சு தலைமுடிக்கு வந்துவிட்டது. பொய் சொல்லிக்கொண்டே உண்மைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். சொன்னதையெல்லாம் அவள் அப்படியே செய்துபார்த்ததும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னான்? 20-ஆம் வசனம்: "எப்போதும்போல உதறிப்போட்டு வெளியே போவேன்." என்னைக் கேட்டால், அவளை நம்பியதைவிடத் தன் பலத்தை நம்பியதுதான் பெரிய கோளாறு. அதை விட்டுவிட்டு முடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் வீண்.

கரிசல்:
படப் புத்தகங்கள் கெடுத்து வைத்த சிலவற்றையும் திருத்த வேண்டும். முடியைச் சிரைத்தது தெலீலாள் அல்ல, அவள் கூப்பிட்ட ஓர் ஆள் (16:19). அவள் பெலிஸ்தப் பெண் என்று வசனம் சொல்லவில்லை, சோரேக் ஆற்றங்கரையில் இருந்தவள் என்பதோடு சரி. 16:1-இல் வரும் வேசி காசாவூர்க்காரி, வேறு ஆள்.

தேன்கூடு:
சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு 16:1 வேண்டாம், 4-இலிருந்து தொடங்குங்கள். பெலிஸ்தர் சிம்சோனின் கண்ணைப் பிடுங்குவதை "குருடாக்கினார்கள்" என்று கடந்துவிடலாம். கத்திரிக்கோல் கொடுத்து நடிக்க வைக்காதீர்கள், யாராவது ஒரு பிள்ளையின் முடி நிஜமாகவே போகும். கயிறு அறுக்கும் காட்சிக்குத் தையல் நூல் போதும். மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினால் இழுத்ததும் அறும். ஏழெட்டுச் சுற்று ஆனால் பெரியவர்களாலும் முடியாது. பருத்தி நூலாக வாங்குங்கள் சிஸ்டர், நைலான் கையை அறுக்கும்.