எழுபது பேர் அமரக்கூடிய விமானத்தில் ஏன் ஐம்பதே இருக்கைகள்?

முகில்வழி (கேள்வி):

அண்மையில் சிகாகோ ஓஹேர் நிலையத்திலிருந்து யுனைடெட் எக்ஸ்பிரஸ் பெயரில் பறக்கும் சிறிய ஜெட் ஒன்றில் பயணம் செய்தேன். பாதுகாப்பு அட்டையில் சிஆர்ஜே-550 என்று அச்சிட்டிருந்தது. இருக்கை வரிசைகளுக்கு நடுவே, ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில், கைப்பெட்டிகளை நிறுத்தி வைக்கும் அலமாரிகள் இருந்தன. முதல் வகுப்பில் 10, கூடுதல் கால் இடம் உள்ள வரிசைகளில் 20, சாதாரண வகுப்பில் 20 என்று எண்ணிப் பார்த்தால் மொத்தம் 50 இருக்கைகள்தான்.

வீட்டுக்கு வந்து தேடியபோது, இது 70 இருக்கைகளோடு பறந்துகொண்டிருந்த சிஆர்ஜே-700 விமானத்தின் அதே உடல் என்று தெரிந்தது. விற்கக்கூடிய 20 இருக்கைகளை ஒரு நிறுவனம் தானாக முன்வந்து ஏன் கழற்ற வேண்டும்? விமானிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் காரணம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சம்பளமும் விடுப்பும் பேசும் ஒப்பந்தம் விமானத்துக்குள் இருக்கும் நாற்காலிகளை எப்படி எண்ண முடியும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓடுபாதை:

உங்கள் நண்பர் சொன்னது சரியே. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் ‘ஸ்கோப்’ என்று அழைக்கப்படும் ஒரு பிரிவு உண்டு. நிறுவனத்தின் பெயரையும் வண்ணத்தையும் தாங்கிப் பறக்கும் வேலையில் எவ்வளவைத் தன் சொந்த விமானிகளுக்கு வெளியே கொடுக்கலாம் என்பதை அந்தப் பிரிவு வரையறுக்கிறது. நீங்கள் ஏறிய விமானத்தில் யுனைடெட்டின் பெயர் எழுதியிருந்தாலும் அதை ஓட்டியவர்கள் யுனைடெட்டின் ஊழியர்கள் அல்லர். அவர்கள் ஒப்பந்த அடிப்படையில் பறக்கும் ஒரு பிராந்திய நிறுவனத்தின் ஊழியர்கள், அவர்களுடைய சம்பளமும் வேறு, பணிமூப்புப் பட்டியலும் வேறு. எல்லைக்கோடு எதுவும் இல்லாவிட்டால், நிர்வாகம் நூறு இருக்கை விமானத்தையும் அந்த மலிவான பட்டியலுக்கே தள்ளிவிடும் என்ற அச்சத்திலிருந்துதான் இந்தப் பிரிவு பிறந்தது.

இன்று அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் ஆகிய மூன்றிலும் பிராந்திய ஜெட்டுக்கான உச்ச வரம்பு 76 இருக்கைகள். அதற்குள்ளும் படிகள் உள்ளன. யுனைடெட்டில் 70 மற்றும் 76 இருக்கை விமானங்கள் மொத்தம் 255-க்கு மேல் போகக்கூடாது, அவற்றில் 76 இருக்கை விமானங்கள் 153-ஐத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. மேலும் வேண்டுமானால் நிறுவனம் தன் சொந்த விமானிகள் ஓட்டும் சிறிய ரக விமானங்களை வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு நிரம்பிய நிலையில், பழைய 50 இருக்கை விமானங்களின் இடத்தில் வசதியான ஒன்றைக் கொண்டுவர 2019-இல் யுனைடெட் கண்டுபிடித்த வழிதான் நீங்கள் பார்த்தது. பெரிய உடலை எடுத்து, இருக்கைகளைக் குறைத்து, 50 இருக்கைப் பிரிவிலேயே பதிவு செய்தார்கள்.

இந்த வழி புதிதும் அல்ல. 44 இருக்கை என்ற வரம்பு இருந்த காலத்தில் நார்த்வெஸ்ட் நிறுவனத்துக்காக 50 இருக்கை சிஆர்ஜே-200-இன் உடலில் 44 இருக்கைகளை மட்டும் வைத்து சிஆர்ஜே-440 செய்தார்கள். அமெரிக்கன் ஈகிளுக்காக பிரேசிலின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எம்ப்ரேயர் ஒரு படி மேலே போய், தன் இஆர்ஜே-145-இன் உடலையே சற்றுக் குறுக்கி 44 இருக்கை இஆர்ஜே-140-ஐ உருவாக்கியது. கனடாவில் ஏர் கனடா ஜாஸுக்காகச் செய்த சிஆர்ஜே-705, உண்மையில் 75 இருக்கைகளோடு நிறுத்தப்பட்ட சிஆர்ஜே-900 விமானமே. ஒப்பந்தத்தில் எழுதிய ஓர் எண் தொழிற்சாலையில் ஒரு புதிய மாதிரியாக வெளிவரும் துறை இது.

முகில்வழி:

மிக்க நன்றி, ஐயா. ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. இருக்கையைக் கழற்றுவது எளிதென்றால் திரும்ப மாட்டுவதும் எளிதுதானே? விமானிகள் சங்கம் இதை எப்படி நம்பி ஏற்றது?

எடைத்தட்டு:

நல்ல கேள்வி. நம்பிக்கையை மட்டும் வைத்து ஏற்கவில்லை. அதனால்தான் இந்த ஒப்பந்தங்கள் இருக்கையோடு எடையையும் எழுதி வைக்கின்றன. சிஆர்ஜே-550-க்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சப் புறப்பாட்டு எடை 65,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 29,500 கிலோ; அதே உடலுள்ள சிஆர்ஜே-700 இதைவிடப் பல ஆயிரம் பவுண்டு கூடுதலாகத் தூக்கும். 550 தனி மாதிரியாகவே சான்றிதழ் பெற்றிருக்கிறது. ஆகவே ஒரு வார இறுதியில் இருபது நாற்காலிகளைத் திருகி மாட்டிவிட்டு மறுநாள் பறக்க முடியாது.

76 இருக்கை விமானத்துக்கான எடை வரம்பு 86,000 பவுண்டு. என் பார்வையில் இருக்கை வரம்பைவிட இந்த ஒற்றை எண்தான் உலகத்தையே அதிகம் பாதித்திருக்கிறது. எம்ப்ரேயர் இ175-இன் அடுத்த தலைமுறையான இ175-இ2 புதிய எஞ்சின்களோடு 2019 டிசம்பரில் முதன்முறை பறந்தது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் எஞ்சின், ஆனால் அளவிலும் எடையிலும் பெரியது. விமானம் 86,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்கள்தான் அதற்கு இயல்பான சந்தை, அந்தச் சந்தையின் கதவோ மூடியிருந்தது. 2022-இல் எம்ப்ரேயர் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. இன்றும் பழைய எஞ்சின் பொருத்திய இ175-தான் அமெரிக்காவுக்கு விற்கிறது. மிட்சுபிஷியின் ஸ்பேஸ்ஜெட் என்ற பிராந்திய ஜெட் திட்டம் 2023-இல் கைவிடப்பட்டதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனினும், ஸ்கோப் தளரும் என்ற எதிர்பார்ப்பில் வடிவமைக்கப்பட்ட அதன் முதல் மாதிரியும் இதே எடைச் சுவரில் மோதியது.

இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 50 பேரை ஏற்றினாலும் 70 பேரை ஏற்றினாலும் விமானி அறையில் இரண்டு பேர் வேண்டும். எரிபொருளும் ஏறக்குறைய அதே அளவு செலவாகும். பயணி ஒருவருக்கு ஆகும் எரிபொருளைக் கணக்கிட்டால் இந்த ஏற்பாடு எந்த வகையிலும் நியாயப்படாது.

பணிமூப்பு:

எடைத்தட்டு அவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதை விமானிகளின் கணக்கில் மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு பிராந்திய நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தவன். விடியற்காலைப் பணி என்றால் முந்தைய இரவே வேறு ஊரிலிருந்து பறந்து வந்து, ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்துவிட்டுப் போவான். அவன் ஓட்டிய விமானத்தில் ஏறியவர்கள் பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத்தான் சீட்டு வாங்கினார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கால்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தபோதும் சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல்தான். அந்த விசாரணையில் பிராந்திய விமானிகளின் களைப்பும் குறைந்த சம்பளமும் நாடறிய வெளிவந்தன. 2010-இல் சட்டம் வந்தது, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமானது.

வரம்புகள் ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. 50-ஆக இருந்த எல்லை 70-க்கும் 76-க்கும் நகர்ந்தது பெரும்பாலும் 2001-க்குப் பிந்தைய திவால் வழக்குகளின் நெருக்கடியில்தான். அப்போது சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தே இழந்தவர்களுக்கு, மீதமிருந்த எல்லைக்கோட்டை மறுபடி விட்டுக்கொடுக்க மனம் வராதது இயற்கை. அதே சமயம், உரிய விலை கிடைத்தால் பேசத் தயாராக இருந்தார்கள் என்பதற்கு டெல்டாவின் 2012 ஒப்பந்தமே சான்று. கூடுதல் 76 இருக்கை விமானங்களுக்கு விமானிகள் இசைந்தார்கள். பதிலுக்கு 88 போயிங் 717 விமானங்கள் டெல்டாவின் சொந்த விமானிகளிடம் வந்தன, பல 50 இருக்கை ஜெட்டுகள் வெளியேறின.

அந்த எழுபது இருக்கைகளையும் நிரப்பிப் பறக்க யுனைடெட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. தன் சொந்தப் பணிமூப்புப் பட்டியலில் உள்ள விமானிகளை அதில் அமர்த்தி, அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்தால் போதும். ஸ்கோப் பிரிவு அங்கே குறுக்கே வராது. இருபது இருக்கைகளின் வருமானத்தை விட்டுவிடுவது அதைவிட லாபம் என்று கணக்குப் போட்டது நிர்வாகம்தான்.

முகில்வழி:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை சீட்டு வாங்கும்போது, ‘இயக்குபவர்’ என்று கீழே சிறிய எழுத்தில் வரும் வரியை முதலில் படித்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.