மூன்றாம் ஃபாத்திஹா, நாற்பது, இத்தா வெள்ளை: மார்க்கம் எது, ஊர் வழக்கம் எது, பித்அத் எது?

நூருல் ஹக் (கேள்வி):
அஸ்ஸலாமு அலைக்கும். மவுத்தான (இறப்பு நடந்த) வீட்டில் மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதிச் சாப்பாடு போடுவது பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்கிறார்கள் ஒரு சாரார். "முன்னோர் செய்தது, குர்ஆன்தானே ஓதுகிறோம்" என்கிறார்கள் பெரியவர்கள். ஒன்றைப் பித்அத் என்று சொல்ல அளவுகோல் என்ன? செலவை மவுத்தானவர் விட்டுப்போன பணத்திலிருந்து எடுக்கலாமா? மனைவி வெள்ளைச் சேலை கட்டி, கருகமணியை அறுத்து, இருட்டறையில் இருக்கவேண்டும் என்பது மார்க்கமா? மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். இளைய மகள் இன்னும் பருவமடையாத பிள்ளை.

மிஹ்ராப்:
வஅலைக்கும் ஸலாம். "நமது இந்தக் காரியத்தில் அதில் இல்லாததைப் புதிதாக உண்டாக்கினால் அது தள்ளப்படும்" என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. "நமது காரியம்" என்றால் தீன், அதாவது மார்க்கம். அதனால் வணக்கம் என்று செய்வதற்கு ஆதாரம் வேண்டும். உடை, உணவு, வீட்டுப் பழக்கம் ஆகியவற்றில் தடைக்குத்தான் ஆதாரம் வேண்டும். வழக்கத்தைக் கணக்கில் எடுப்பது ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) ஐந்து பெரிய விதிகளில் ஒன்று.

ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹை நபித்தோழர் உபை இப்னு கஅபின் பின்னால் ஒரே ஜமாஅத்தாக்கிய (கூட்டுத் தொழுகையாக்கிய) கலீஃபா உமர் (ரலி), "இது நல்ல பித்அத்" என்றார்கள். இதையெல்லாம் பார்த்து இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் பித்அத்தை வாஜிப் (கட்டாயம்) முதல் ஹராம் (தடை) வரை ஐந்தாகப் பிரித்தார். ஷாத்திபி அந்தப் பிரிவை ஏற்கவில்லை. தீனில் பித்அத் எல்லாமே கெட்டது, உமர் சொன்னது சொல்வழக்குப் பொருளில்தான் என்றார். இரண்டு பேருமே பெரிய இமாம்கள். ஆகவே "பித்அத்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஊரில் சண்டை போடுவதில் பயனில்லை.

நாற்பதாம் ஃபாத்திஹாவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். மய்யித்துக்காக (இறந்தவருக்காக) துஆ கேட்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஸதகாவின் (தர்மத்தின்) நன்மை அவருக்குச் சேரும். நபித்தோழர் ஸஅத் இப்னு உபாதா இறந்துபோன தாயாருக்காகத் தோட்டத்தையே ஸதகா செய்த செய்தி புகாரியில் உண்டு. குர்ஆன் ஓதிய நன்மை சேருமா என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) சேரும். ஷாஃபிஈயில் பிரபலமான சொல் சேராது என்பது. ஓதிவிட்டு அந்த நன்மையைச் சேர்த்துவைக்கும்படி துஆ கேட்டால் பயன் தரும் என்று பிற்கால ஷாஃபிஈ அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாள் குறிப்பது அடுத்த துண்டு. ஆள் கூடுவதற்கு வசதி என்று ஒரு நாளை வைப்பது வேறு. நாற்பதில் செய்யாவிட்டால் ரூஹு (ஆன்மா) சாந்தியடையாது என்று நம்புவது வேறு. இரண்டாவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

கடைசித் துண்டு, மவுத்து வீட்டார் ஊருக்குச் சோறாக்கிப் போடுவது. பெரியவர்கள் மேற்கோள் காட்டும் கிதாபுகளே (மார்க்க நூல்களே) இதில் கடுமையாக இருக்கின்றன. விருந்து மகிழ்ச்சிக்கு உரியது, துக்கத்துக்கு அல்ல, இது அருவருப்பான பித்அத் என்று ஹனஃபி இமாம் இப்னுல் ஹுமாம் ஃபத்ஹுல் கதீரில் எழுதுகிறார். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூமின் ஃபத்ஹுல் முஈனுக்கு விரிவுரையான இஆனத்துத் தாலிபீனிலும் இதே கருத்தில் மக்கா முஃப்தியின் ஃபத்வா இருக்கிறது. மத்ஹபைப் பின்பற்றுகிறோம் என்பவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

பாகக்கணக்கு:
செலவு விஷயத்துக்கு வருகிறேன். ஹலால் ஹராம் உண்மையில் சிக்குவது இங்கேதான்.

மவுத்தானவர் பணத்தில் முதலில் போவது கபன் துணி, குழி, குளிப்பாட்டல் செலவு. அடுத்து கடன், மனைவிக்குக் கொடுக்காமல் நிலுவையில் விட்ட மஹரும் (மணக்கொடையும்) கடன்தான், பலரும் மறப்பது இது. பிறகு வஸிய்யத் (உயில்), மூன்றில் ஒன்றுக்கு மிகாமல். மிச்சம் வாரிசுகளுக்கு. இந்த வரிசையில் நாற்பதாம் நாள் பிரியாணி எங்கேயும் இல்லை.

6,00,000 ரூபாய் இருக்கிறது, ஜனாஸா (அடக்கச்) செலவு 15,000, மஹரும் கைமாற்றும் சேர்த்துக் கடன் 1,05,000, பெற்றோர் உயிரோடு இல்லை, வஸிய்யத்தும் இல்லை என்று வைப்போம். மிச்சம் 4,80,000. மனைவிக்கு எட்டில் ஒன்று, 60,000. பாக்கி 4,20,000-ல் மகனுக்கு 2,10,000, மகள்களுக்குத் தலா 1,05,000. பாகம் பிரிக்குமுன் பொதுப்பணத்தில் 80,000 எடுத்துச் சோறு போட்டால், மனைவி பங்கில் 10,000, மகன் பங்கில் 35,000, மகள்கள் பங்கில் தலா 17,500 போகிறது. பெரியவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். பருவமடையாத பிள்ளை "சரி" என்றாலும் அந்தச் சம்மதம் செல்லாது. அவள் சார்பில் விட்டுக்கொடுக்க அண்ணனுக்கோ சாச்சாவுக்கோ அதிகாரம் இல்லை. அந்த 17,500 யத்தீம் (அநாதைப் பிள்ளை) சொத்து. அதை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார்கள் என்கிறது சூரத்துந்நிஸா 10-ஆம் வசனம். வந்து சாப்பிடும் விருந்தாளிக்கு இது தெரிவதே இல்லை என்பதுதான் வேதனை.

உம்மு ஸாலிஹ்:
இத்தா, அதாவது விதவையின் காத்திருப்புக் காலம் பற்றி. கணவர் மவுத்தானால் பிறைக் கணக்கில் நான்கு மாதம் பத்து நாள் (அல்பகரா 234). கர்ப்பிணிக்குப் பிரசவத்தோடு முடிந்துவிடும். அந்தக் காலத்தில் அலங்காரம், நறுமணம், சுர்மா, அழகுக்காகச் சாயமிட்ட உடை, நகை கூடாது. இரவில் தன் வீட்டில் தங்க வேண்டும். மருத்துவம், வங்கி, வேலை போன்ற தேவைக்குப் பகலில் வெளியே போகலாம்.

வெள்ளைச் சேலை நிபந்தனை இல்லை. பளபளக்கும் வெள்ளைப் பட்டு கூடாது, மங்கிய நீலப் பருத்தி கூடும். இருட்டறை, வானத்தைப் பார்க்காமல் இருப்பது, மஹ்ரமான (மணமுடிக்கத் தடையான) சொந்த அண்ணன் தம்பி முகத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பது, இவை எதற்கும் ஆதாரமில்லை. கருகமணியை நகை என்பதற்காகக் கழற்றி வைக்கலாம். பெண்கள் கூடி அழுது அதை அறுப்பதும் வளையலை உடைப்பதும் நம் பகுதி வழக்கம், அதுவும் கெட்ட வழக்கம். இத்தா முடிந்த மறுநாளே அவர் நிறச் சேலை கட்டலாம், நகை போடலாம், மறுமணம் செய்யலாம். ஆயுளுக்கும் வெள்ளை என்பதை மார்க்கத்தின் பெயரால் ஒரு பெண்மேல் ஏற்றுவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலிலேயே பெரிய பித்அத்.

நூருல் ஹக்:
ஜஸாக்கல்லாஹு கைரன். நாற்பது இந்துக்களின் கருமாதியிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன், சண்டையாகிவிட்டது. எப்படிச் சொல்வது?

மிஹ்ராப்:
அந்த வாதத்தை விடுங்கள். எகிப்திலும் துருக்கியிலும் நாற்பது அனுசரிக்கிறார்கள், இந்தோனேசியாவில் ஆயிரமாவது நாள்வரை உண்டு. எங்கிருந்து வந்தது என்பதை நிரூபிக்கவும் முடியாது, மனத்தையும் புண்படுத்தும்.

வேறு வழியில் போங்கள். நபித்தோழர் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான (போரில் உயிர்நீத்த) செய்தி வந்தபோது, "ஜஅஃபரின் குடும்பத்தாருக்குச் சாப்பாடு செய்யுங்கள்" என்றார்கள் நபி (ஸல்). வீட்டார் ஊருக்குப் போடுவதல்ல, ஊர் வீட்டாருக்குக் கொடுப்பது. குறைந்தது ஒரு பகல் ஓர் இரவுக்குப் போதுமான சாப்பாட்டை அண்டைவீட்டாரும் தூரத்துச் சொந்தங்களும் அனுப்புவதை இரண்டு மத்ஹபும் சுன்னத் என்கின்றன. எந்த வேளை யார் வீட்டிலிருந்து என்று மஹல்லாவில் முன்கூட்டியே பிரித்துவிட்டால் மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டவே வேண்டாம். ஓத விரும்புகிறவர் கூலி வாங்காமல் அவரவர் வீட்டில் ஓதி துஆ செய்யட்டும். கூலிக்கு ஓதினால் ஓதியவருக்கே நன்மை இல்லை, மய்யித்துக்கு எதைச் சேர்ப்பது என்று கேட்டவர் ஹனஃபி இமாம் இப்னு ஆபிதீன். பெரிய மகன் தன் சொந்தப் பணத்தில் வாப்பா பேரில் ஸதகா செய்யலாம். அதற்கு நாற்பதாம் நாள்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

பாகக்கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். பெரியவர்களிடம் பேசுமுன் கடன், மஹர் நிலுவை, வாரிசுப் பங்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இளைய மகளின் பங்கை அவள் பெயரில் தனிக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.