மறு: "வயது இடைவெளி"க்கு வேறு சொல்

> பெரிய மகெல்லன் மேகம் பற்றிய கட்டுரையில் "வயது இடைவெளி" என்றே போடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். வயது இடைவெளி என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எத்தனை வயது வித்தியாசம் என்பதுதான் நம் காதில் விழும். இங்கே பேச்சு, பால்வழிக்கு அருகிலுள்ள குறும்பேரடையான (சிறிய விண்மீன் திரளான) பெரிய மகெல்லன் மேகத்தில் விண்மீன் கொத்துகளே காணாமல் போன ஒரு நெடுங்காலத்தைப் பற்றியது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஒரு கொத்திலுள்ள விண்மீன்கள் ஒரே வாயுமேகத்தில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. அதனால் தனி விண்மீனைவிடக் கொத்துக்கு வயது சொல்வது எளிது: நிறத்துக்கு எதிரே ஒளிர்வைக் குறிக்கும் நிறம்-ஒளிர்வு வரைபடத்தில், முதன்மை வரிசையை (ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் அமரும் பட்டையை) விட்டு அவை எங்கே திரும்புகின்றன என்று பார்த்தால் போதும். பெரிய மேகத்தில் இப்படிக் கணக்கெடுத்தால், ஏறக்குறைய 1,200 கோடி ஆண்டு வயதான கிழங்கள் சுமார் 15 தேறுகின்றன. 300 கோடி ஆண்டுக்குக் குறைந்தவை ஏராளம். நடுவில் இஎஸ்ஓ 121 என்ற கொத்து சுமார் 900 கோடி வயதோடு ஏறக்குறைய ஒண்டியாக நிற்கிறது. பக்கத்திலிருக்கும் சிறிய மகெல்லன் மேகத்திலோ இப்படி ஓட்டையே இல்லை.

கொத்துகள் மறுபடி பிறந்ததற்கு, இந்த இரண்டு குறும்பேரடைகளும் நெருங்கி ஒன்றையொன்று இழுத்ததே காரணம் என்பது ஒரு விளக்கம். முன்பெல்லாம் இவற்றில் எது நடந்தாலும் நம் பேரடையான பால்வழியைத்தான் கைகாட்டுவார்கள். 2006இல் ஹபிள் மூலம் மேகங்களின் வேகத்தை அளந்த பிறகு, அவை இப்போதுதான் முதல் முறையாக நம் பக்கம் வருகின்றன என்ற கருத்து வலுத்துவிட்டது. பழைய கதையெல்லாம் பெரும்பாலும் அவர்கள் இருவருக்குள் நடந்ததுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். போன மடலில் நான் வைத்தது "தரிசுக்காலம்".

> அப்போதும் தனி விண்மீன்கள் பிறந்திருக்கின்றனவே?

தரிசில் புல் முளைக்காதா? அந்த மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை உறுத்துவது வேறு. கொத்துகள் பிறந்து, பிறகு கலைந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. "தரிசு" என்றால் விதைக்கவே இல்லை என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கலைச்சொல் அந்த வேலையைச் செய்யக்கூடாது. ஆகவே தரிசைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொருவர் சொன்ன "கொத்தில்லாக் காலம்" நேர்மையான சொல், ஆனால் இஎஸ்ஓ 121 அதைப் பொய்யாக்குகிறது.

"கொத்துப்பஞ்சம்" எப்படி? விளையாமலும் பஞ்சம் வரும், விளைந்தது அழிந்தும் வரும். ஒன்றிரண்டு மணி கிடைத்தாலும் பஞ்சம் பஞ்சம்தான். "பெரிய மேகத்தின் கொத்துப்பஞ்சம் 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தீர்ந்தது" என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் இடறவில்லை.

பேச்சுவழக்கு வாடை அடிக்கிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வரவும். அதுவரை வரைவில் இதையே வைத்திருக்கிறேன்.