உதவி: க்ளீன்ரூமில் பகலில் மட்டும் துகள் எண்ணிக்கை எகிறுகிறது

நானோ_கோவை:
கல்லூரியில் புதிதாகக் கட்டிய க்ளீன்ரூம் (காற்றிலுள்ள தூசியை வடிகட்டிக் கட்டுப்படுத்தும் அறை). தூய்மை வகுப்பு ஐஎஸ்ஓ 6 என்று சொல்லி ஒப்படைத்தார்கள். இரவில் அளந்தால் சரியாக இருக்கிறது, பகலில் எகிறுகிறது. லித்தோகிராஃபி (ஒளியால் சிப் வடிவம் பதிப்பது) செய்தால் வேஃபர் (சிப் செய்யும் தகடு) முழுக்கப் புள்ளி. ஃபில்டரை மாற்றிவிடலாமா? அடுத்த வாரம் ரிவ்யூ, அவசரம்.

ஹெப்பா_ரசிகன்:
ஃபில்டர் ஓரத்தை அடைக்கும் கேஸ்கெட்தான், சந்தேகமே வேண்டாம். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97% பிடிக்கும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு. பி.ஏ.ஓ. டெஸ்ட் (எண்ணெய்த் துளிப் புகை விட்டு ஃபில்டர் கசிவைப் பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள்.

மேகலை_மைக்ரோ:
கேஸ்கெட் கசிந்தால் இரவிலும் கசியுமே? நண்பரே, எந்த அளவுத் துகள்? எண் எவ்வளவு? பகலில் எத்தனை பேர், என்னென்ன ஓடுகிறது? தாழ்வாரத்தை விட அறை அழுத்தம் எவ்வளவு கூடுதல்?

பழைய_எட்சர்:
எண்ணே இல்லாமல் இப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. க்ளீன்ரூம் தரநிலை ஐஎஸ்ஓ 14644-ஐ ஒருமுறையாவது புரட்டுங்கள் தம்பி. ஆளில்லாத அறையில் எடுத்த சான்றிதழ் வேறு, வேலை நடக்கும்போது எடுத்தது வேறு. உங்கள் ஒப்பந்தத்தில் எது என்றாவது பார்த்தீர்களா?

நானோ_கோவை:
0.5 மைக்ரான். கனமீட்டருக்கு இரவில் 9,000, பகலில் 80,000க்கு மேல். உள்ளே 3 பேர். அழுத்தம் காலையில் 12 பாஸ்கல். பகலில் வெட் பெஞ்ச் (ரசாயன வேலைக்கான, புகையை உறிஞ்சி வெளியேற்றும் மேசை) ஓடும். ஒப்பந்தம் அலுவலகத்தில் இருக்கிறது.

ஹெப்பா_ரசிகன்:
ஐஎஸ்ஓ 6 என்றால் கிளாஸ் 1000, அந்த அறைக்கு 80,000 ரொம்ப அதிகம். 3 பேர் என்றால் அவர்கள் போடும் கவுனையும் பாருங்கள்.

பழைய_எட்சர்:
கிளாஸ் 1000 எந்தக் காலத்துப் பேச்சு? அந்தப் பெயர் வந்த அமெரிக்க 209இ தரநிலையை 2001-லேயே விலக்கிவிட்டார்கள். ஐஎஸ்ஓ 6 என்றால் கனமீட்டருக்கு 35,200, அவ்வளவுதான்.

ஹெப்பா_ரசிகன்:
சார், விலைப்புள்ளியில் இன்றைக்கும் கிளாஸ் 1000 என்றுதான் வருகிறது. கன அடிக்கு 1000 என்றால் யாருக்கும் உடனே புரியும்.

பழைய_எட்சர்:
புரிந்த மாதிரி இருக்கும். எந்த நிலையில் அளந்தது என்பதை எழுதாமல் தப்பிக்க ஒப்பந்தக்காரருக்கு அதுவே வசதி.

மேகலை_மைக்ரோ:
அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு வெட் பெஞ்ச் மேல்தான் சந்தேகம். முகப்பு 1.2 மீட்டர் அகலம், 0.45 மீட்டர் திறப்பு, காற்று விநாடிக்கு 0.5 மீட்டர் என்று வைத்தால், மணிக்குச் சுமார் 970 கனமீட்டர் வெளியே போகிறது. கூரையில் ஓடும் எஃப்.எஃப்.யு. (விசிறியோடு கூடிய ஃபில்டர்) அறைக் காற்றையே திரும்பத் திரும்ப வடிகட்டுகிறது, அதனால் அழுத்தம் ஏறாது. வெளியிலிருந்து வரும் புதுக்காற்று எக்ஸாஸ்ட்டை விடக் கூடுதலாக இருந்தால்தான் அறை வெளியே தள்ளும். குறைந்தால் கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்துத் தூசியை இழுக்கும். பெஞ்சை ஓடவிட்டு அழுத்த மீட்டரைப் பாருங்கள். உங்கள் புதுக்காற்று அளவு என்ன?

லேப்_குமார்:
எளிய வழி: எக்ஸாஸ்ட் குழாயில் காற்றை மட்டுப்படுத்தும் டேம்பரைப் பாதி மூடுங்கள். மீட்டர் ஏறிவிடும். கதவிடுக்கில் ஊதுபத்தி காட்டினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும்.

மேகலை_மைக்ரோ:
தயவுசெய்து டேம்பரைத் தொடாதீர்கள். அந்த பெஞ்சில் எச்.எஃப். (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்) வைப்பார்கள், அசிட்டோன் வைப்பார்கள். அழுத்த எண் அழகாக வருவதற்காக ஒரு மாணவரை அந்தப் புகையில் நிறுத்தக் கூடாது. ஊதுபத்தியும் வேண்டாம், அந்தப் புகையே துகள்தான். தாழ்வாரப் பக்கம் கதவிடுக்கில் டிஷ்யூ துண்டு ஒன்றைத் தொங்கவிட்டாலே போதும்.

பழைய_எட்சர்:
டேம்பர் விஷயத்தில் மேகலை சொன்னதே சரி. வடிவமைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது எக்ஸாஸ்ட் கணக்கு. நம் ஊரில் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

நானோ_கோவை:
பெஞ்ச் ஓடும்போது அழுத்தம் மைனஸ் 3 பாஸ்கல். புதுக்காற்று மணிக்கு 800 கனமீட்டர்தான் வருகிறதாம். ஒப்பந்தக்காரர் பிளோயரைக் கூட்டுகிறேன் என்கிறார். நன்றி மேடம்.

மேகலை_மைக்ரோ:
பிளோயரை மட்டும் கூட்டினால் போதாது. கூடுதலாக வரும் காற்றின் ஈரத்தையும் கூலிங் காயில் பிழிந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஈரப்பதம் ரொம்ப ஏறிப் போனால் ரெசிஸ்ட் (லித்தோகிராஃபிக்குப் பூசும் படலம்) வேஃபரில் ஒட்டாமல் உரியலாம். காயில் கொள்ளளவு எத்தனை டன், குளிர்ந்த காற்றைத் திரும்பச் சூடாக்கும் ரீஹீட் இருக்கிறதா?

ஹெப்பா_ரசிகன்:
அப்படியே பி.ஏ.ஓ. டெஸ்ட்டும் எடுத்துவிடுங்கள்.