ஜப்பான் அரசுப் பள்ளியில் ஏஎல்டி வேலை: 'வாரம் 29.5 மணி' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

நிஷிகசாய் மீனா:
வணக்கம். கணவரின் ஐ.டி. வேலையால் இரண்டு வருடமாக டோக்கியோ நிஷிகசாயில் இருக்கிறேன், டிபெண்டன்ட் விசா. அதற்கு முன் மதுரையில் நாலு வருடம் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில டீச்சர். இப்போது ஒரு தனியார் நிறுவனம், சிபாவில் இரண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு என்னை ஏஎல்டியாக அனுப்பத் தயாராக இருக்கிறது. வகுப்பாசிரியரோடு கூட நின்று ஆங்கிலம் சொல்லித்தரும் உதவி ஆசிரியர் வேலை. ஏப்ரலில் சேர வேண்டும், மாதம் 2,30,000 யென்.

மூன்று விஷயம் உறுத்துகிறது. வேலை நேரம் வாரம் 29.5 மணி என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் தினமும் 8.15 முதல் 4.15 வரை பள்ளியில் இருக்க வேண்டுமாம். ஆகஸ்டில் பாதிச் சம்பளம். அப்புறம் 'க்யோமு இதாகு' என்ற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கேட்டால், "எல்லோருக்கும் இப்படித்தான்" என்கிறார் நேர்காணல் செய்தவர். கையெழுத்துப் போடலாமா?

யோகோஹாமா ராஜி:
தயங்காமல் போடுங்கள் மீனா. நான் மூன்று வருடம் செய்தேன். வீட்டில் சும்மா இருந்து ஜன்னலைப் பார்ப்பதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டதில் வந்த ஜப்பானிய மொழி, எந்த வகுப்புக்குப் போயும் எனக்கு வரவில்லை. சைவம் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூப்பில்கூட மீன் இருக்கும்.

குன்மா வாசி:
ராஜி சொல்வது சரிதான், பிள்ளைகள் விஷயத்தில் குறை இல்லை. ஆனால் காகிதம் வேறு கதை. ஐந்து வருடம் இப்படி ஒரு நிறுவனம் வழியாக வேலை செய்துவிட்டு, இப்போது நகராட்சியிலேயே நேரடியாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'இதாகு'. பள்ளிக்கு ஆள் அனுப்ப இரண்டு வழி உண்டு. 'ஹகென்' என்றால் உங்களை அனுப்புகிறார்கள், பள்ளி உங்களிடம் நேரடியாக வேலை சொல்லலாம். 'க்யோமு இதாகு' என்றால் ஆங்கிலப் பாடம் என்கிற வேலையையே நிறுவனத்துக்குக் குத்தகை விட்டாயிற்று. பள்ளி உங்களுக்கு உத்தரவு போடக் கூடாது. போட்டால் அது குத்தகை வேஷம் போட்ட ஆள் சப்ளை, சட்டப்படி தப்பு. கூட நின்று பாடம் நடத்தும் வேலையில் இது எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள். நடக்காது.

என் கதையைக் கேளுங்கள். என் மேசைக்கு அடுத்த மேசை ஆறாம் வகுப்பு ஆசிரியை. நாளை நாலாம் பாடம் வேண்டாம், ஐந்தாம் பாடம் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவர் துணைத் தலைமை ஆசிரியரிடம் போவார். அவர் நிறுவனத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். நிறுவனம் எனக்கு மெயில் போடும். மெயில் வந்து சேரும் நேரத்தில் நானும் அந்த ஆசிரியையும் ஒரே கெட்டிலிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்போம். வகுப்பில் ஏதாவது சொதப்பினாலும் அவர் வாய் திறக்க மாட்டார், பாவம்.

அடுத்து 29.5. முழுநேர ஊழியரின் நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது வாரம் 30 மணி வேலை செய்தால் நிறுவனம் உங்களை 'ஷகாய் ஹோகென்' என்கிற மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்த்துப் பாதிப் பணம் கட்ட வேண்டும். அதற்கு அரை மணி கம்மியாக நிறுத்திய எண் இது. இடைவேளையையும் வகுப்பில்லாத நேரத்தையும் கழித்துக் கணக்குக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து வெளியே போய்விட முடியுமா என்ன? விதி பிறகு மாறிவிட்டது. அக்டோபர் 2024 முதல், 51 பேருக்குக் குறையாத நிறுவனம் என்றால் வாரம் 20 மணியே போதும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர், முதல் நாளிலிருந்தே சேர்ப்பார்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். வருடத்துக்கு 13 லட்சம் யென் தாண்டினால் கணவரின் காப்பீட்டிலிருந்து நீங்கள் வெளியே. நிறுவனமும் சேர்க்காவிட்டால், தேசிய ஓய்வூதியத்துக்கு மட்டும் மாதம் 17,000 யெனுக்கு மேல், மருத்துவக் காப்பீடு தனி. எல்லாம் உங்கள் கையிலிருந்து. ஆகஸ்டில் பாதிச் சம்பளம் வரும்போதும் அந்த பில் முழுசாக வரும்!

ஏன் இப்படிக் கசக்குகிறார்கள்? 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் இதே ஏஎல்டி வேலைக்கு அரசாங்கமே வெளிநாட்டு இளைஞர்களை அழைத்துவருகிறது. அப்படி வருபவருக்கு வீடு பார்ப்பதிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது வரை நகராட்சி ஆள்தான் அலைய வேண்டும். நிறுவனத்திடம் விட்டால் அந்தத் தலைவலி இல்லை. 2020 முதல் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடமாகவும் ஆகிவிட்டது, ஆள் தேவை. என் ஊர்க் கல்வி வாரியம் வருடா வருடம் டெண்டர் விட்டது, குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. என் மூன்றாம் வருட பிப்ரவரியில் எங்கள் நிறுவனம் டெண்டரில் தோற்றது. ஜெயித்தவர்கள் என்னையே கூப்பிட்டு, அதே பள்ளி, அதே மேசை, மாதம் 15,000 யென் குறைவு என்றார்கள். வேறு வழியில்லாமல் போனேன்.

நிஷிகசாய் மீனா:
ஃபேக்ஸ் கதையை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு அப்புறம் அமைதியாகிவிட்டார். விசா பற்றி ஒரு சந்தேகம். பகுதிநேர அனுமதி வாங்கிக்கொண்டு இப்போதுள்ள விசாவிலேயே போக முடியாதா? இன்னொன்று, ஐந்தாம் வகுப்பு வரை நான் தமிழ்வழி.

குன்மா வாசி:
முடியாது. அந்த அனுமதி வாரம் 28 மணிக்குத்தான், உங்கள் ஒப்பந்தமோ 29.5. பள்ளியில் சொல்லித்தருபவர்களுக்கான 'கியோஇகு' விசாவுக்கு மாற வேண்டும், அது கைக்கு வரும்வரை வகுப்பில் கால் வைக்காதீர்கள். பட்டத்தோடு, 12 வருடம் ஆங்கிலத்தில் படித்ததற்குச் சான்றும் கேட்பார்கள். என் தோழி ஒருவர் கல்லூரி வருடங்களையும் கூட்டித்தான் 12 காட்டினார். உங்களுக்கு ஆறு முதல் பிளஸ் டூ வரை ஏழு, எம்.ஏ. முடித்திருந்தால் இன்னும் ஐந்து. மதுரைப் பள்ளியில் சான்றிதழுக்கு இன்றே ஆள் அனுப்புங்கள். அவர்கள் முத்திரை குத்தித் தருவதற்குள் இங்கே சகுரா பூத்துவிடும்.

நிஷிகசாய் மீனா:
எம்.ஏ. முடித்திருக்கிறேன், அண்ணா. சான்றிதழுக்கு அப்பா நாளைக்கே போகிறார். நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். காப்பீட்டில் முதல் நாளிலிருந்தே சேர்ப்பார்களாம், எழுத்தில் வந்துவிட்டது. 'இதாகு'வை 'ஹகென்' ஆக்க முடியுமா என்றதற்கு, அது கல்வி வாரியம் தீர்மானித்தது, தங்கள் கையில் இல்லை என்கிறார்கள். பள்ளியில் ஃபேக்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.